சோறில்லாத மணி

"யாருக்கும் ஒரு பைசா நஷ்டமில்லைங்க, சாமி. அப்புறம் இதுல என்னங்க தப்பு?"

கேட்டவர் குழந்தைவேலு. திருப்பூரில் பனியன் கம்பெனி முதலாளி.

கேட்டுக்கொண்டிருந்தவர் அங்காத்தாள். நெடுஞ்சாலை ஓரமாக அன்னதான மடம் நடத்துகிற துறவி. வயதில் குழந்தைவேலுவுக்கு இளையவர்தான். ஆனாலும் பௌர்ணமிக்குப் பௌர்ணமி வந்து அவர் முன்னால் உட்கார்ந்து ஏதாவது கேட்காவிட்டால் இந்த மனுஷனுக்குத் தூக்கம் வராது.

"விவரமாச் சொல்லுங்க, முதலாளி."

"டிசைனர் வேலைக்கு ஆள் தேவைன்னு போன்ல ஒரு விளம்பரம் விட்டோமுங்க. எங்க கம்பெனி பேரை வெச்சு ஒரு படம் வரைங்க, எல்லாரும் பார்க்கற மாதிரி இன்டர்நெட்டுல உங்க பக்கத்துல போடுங்க, நல்லா வரைஞ்சவங்களுக்கு வேலைன்னு. அடேயப்பா! வரைஞ்சு தள்ளிட்டாங்க. எங்க பார்த்தாலும் எங்க பேருதான்."

"வேலை?"

"வேலை எங்கீங்க இருக்குது? அது சும்மா விளம்பரத்துக்குங்க."

கூச்சமில்லாமல்தான் சொன்னார். குருவிடம் பொய் சொல்லத் தெரியாது. அந்த மட்டுக்கும் நல்லவர்.

"அப்புறம் என்ன சந்தேகம்?"

"ஆத்தூர்ல ரெஜினான்னு ஒரு பொண்ணுங்க. அது வரைஞ்சதுக்குத்தான் முதல் இடம். எப்ப வேலைக்கு வரட்டும்னு தினம் கேக்குது. இருந்த வேலையை விட்டுட்டேன்னு வேற சொல்லுது. 'இப்போதைக்கு வேலை இல்லை'ன்னு ஒரு வரி அனுப்பினா முடிஞ்சுது. இன்னிக்குச் சாயந்திரத்துக்குள்ள அனுப்பியாகணும். கை வரமாட்டேங்குது. ஏன்னு எனக்கே விளங்கலைங்க."

அங்காத்தாள் வெயிலைப் பார்த்தார். உச்சிவேளை.

அந்த மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. உச்சிவேளையில் வாசல் மணியை அடித்து, சாப்பிடாதவர்கள் யாராவது இருக்கிறீர்களா என்று சாலையைப் பார்த்துக் கூப்பிட வேண்டும். அதற்கப்புறம்தான் மடத்து ஆட்கள் வாயில் பருக்கை வைப்பார்கள்.

"போய் மணி அடிங்க."

குழந்தைவேலு கூடத்தை ஒரு பார்வை பார்த்தார். பெரிய அண்டா கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது.

"சோறு எங்கீங்க, சாமி?"

"மணி அடிக்கத்தானே சொன்னேன்?"

"சோறில்லாம மணி எதுக்குங்க?"

"மடத்துப் பேரு நாலு பேருக்குத் தெரிய வேண்டாமா? வர்றவங்ககிட்ட நாம காசா கேக்கப்போறோம்?"

குழந்தைவேலுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாமி நம்மை வம்புக்கு இழுக்கிறது என்று நினைத்தார். ஆனால் என்னதான் நடக்கும், பார்த்துவிடுவோமே என்று ஒரு குறுகுறுப்பு. எழுந்து போய் மணியை அடித்தார்.

"சாப்பிடாதவங்க யாராச்சும் இருந்தா வாங்க!"

மெஷின் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகிய தொண்டை. எதிர்ப்பக்கத்து பஸ் நிறுத்தம் வரைக்கும் கேட்டது.

ஒரு பெண், சின்ன மகளைக் கையில் பிடித்துக்கொண்டு சாலையைக் கடந்து ஓடி வந்தாள்.

"நல்ல நேரத்துல கூப்பிட்டீங்க, அண்ணா! கடையில பன்னு வாங்கிட்டு இருந்தேன். மடத்துல சோறே போடறாங்கன்னு திருப்பிக் குடுத்துட்டு வந்தேன். பஸ்ஸும் போயிருச்சு. போனாப் போகுது. இவ நேத்திலிருந்து சோத்தைப் பார்க்கலை."

அங்காத்தாள் இரண்டு இலை போட்டார்.

தாய் இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்தாள். குழந்தை சம்மணம் போட்டு உட்கார்ந்து குழந்தைவேலுவையே பார்த்தது. கூப்பிட்டவர் அவர்தானே!

அங்காத்தாள் அவர் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்.

"இப்போதைக்குச் சோறு இல்லைன்னு சொல்லி அனுப்புங்க. ஒரு வரிதானே."

குழந்தைவேலு கவிழ்ந்து கிடந்த அண்டாவையும் குழந்தையின் இலையையும் மாறி மாறிப் பார்த்தார். முகமெல்லாம் வேர்த்துவிட்டது.

"என்ன மாமா இன்னிக்கு? சாம்பாரா?" என்றது குழந்தை.

அவ்வளவுதான், மனுஷன் பதறிப்போனார்.

"சாமி, அரிசி எங்கீங்க இருக்குது? அடுப்பை நான் பத்த வைக்கிறேன், சொல்லுங்க!"

அங்காத்தாள் பின்கட்டுக் கதவைத் தள்ளித் திறந்தார். சாம்பார் வாசனை கூடத்துக்குள் வந்தது. அங்கே இன்னொரு அண்டாவில் சோறு ஆவி பறந்துகொண்டிருந்தது.

"மணி அடிக்கறதுக்கு முன்னாடியே வடிச்சு வெச்சாச்சு," என்றபடி குழந்தையின் இலையில் முதல் கரண்டியைப் போட்டார்.

"ரெஜினாவுக்கு நீங்க என்ன வடிச்சு வெச்சிருக்கீங்க, முதலாளி?"