மூன்றாவது வரிசைக் குடித்தனம்

கோவில்பட்டி தங்கமாரியப்பன் அண்ணாச்சியின் இரும்புக்கடையில் இல்லாத சாமானே கிடையாது. இதைச் சொன்னது நானில்லை, அண்ணாச்சிதான். யாரும் கேட்காமலே சொல்வார்.

அன்றைக்கு எங்கள் அடுப்படிக் குழாயில் வாஷர் போய்த் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. தொட்டி வால்வோ துருப்பிடித்துத் திரும்ப மறுத்தது. எங்கள் தெருவுக்குத் தண்ணீர் வருவதே பத்து நாளைக்கு ஒருமுறை. என் மனைவி செண்பகவல்லி குழாயைத் துணியால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, "அஞ்சு நிமிஷத்துல வந்துரணும்" என்றாள். பழைய வாஷரைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வெறுங்காலோடு ஓடினேன்.

"வாஷரா? மூணாவது வரிசை. நீரே போய் எடும்," என்றார் அண்ணாச்சி. அந்தக் கடையில் தேடி எடுப்பது நம் பாடு. "ஆனா சூதானம் வே. ஒருத்தரு கீல் பாக்க உள்ள போனாரு. பொங்கலுக்குப் போனவரு தீவாளிக்குத்தான் வெளிய வந்தாரு."

"அதுவரைக்கும் என்னத்தத் தின்னாரு?" என்று கேட்டார், ஸ்டூலில் இருந்த பிளம்பர் அருள்தாஸ்.

"இரும்புச்சட்டி இருக்கு, ஸ்டவ் இருக்கு. ஆக்கித் தின்னாரு."

"அரிசி?"

"எலி கொண்டாந்து போட்டுச்சு. நம்ம கடை எலிக்கு மட்டுந்தான் வழி தெரியும்."

அருள்தாஸ் தலையில் அடித்துக்கொண்டார். அண்ணாச்சிக்கு ரோஷம் வந்துவிட்டது.

"இதுக்கேவா? ஒரு புது மாப்பிள்ளை பூட்டு வாங்க வந்தான். அவனத் தேடிக்கிட்டு அந்தப் பொண்ணும் உள்ள போச்சு. அங்கனயே குடித்தனம், ரெண்டு பிள்ளை. மூத்தவன் ஆணிய எண்ணியே கணக்குப் படிச்சு இப்பம் காலேஜ் வாத்தியாரு. ரேஷன் கார்டு விலாசமே மூணாவது வரிசை, போல்ட்டு டப்பாவுக்கு எதிர்த்தாப்ல. விசாரிக்க ஆபீசரே வந்தாரு."

"வந்து என்ன சொன்னாரு?"

"அவரு இன்னும் வெளிய வரலியே!"

சிரித்துக்கொண்டே உள்ளே போனேன். ஒவ்வொரு தகர டப்பாவின் முகத்திலும் உள்ளே இருப்பதில் ஒன்றைக் கம்பியால் கட்டியிருந்தார்கள். பித்தளைக் கொக்கி, கோயில் கதவுக்குப் போடுகிற தாழ்ப்பாள், குண்டூசி அளவு திருகாணி. எங்கள் வீட்டில் ஊஞ்சல் கிடையாது. இருந்தாலும் ஊஞ்சல் சங்கிலியை எடுத்துக் குலுக்கிப் பார்த்தேன். கிரீஸ் வாசத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

வெளியே வரும்போது என் கையில் சங்கிலி, நாலு கொக்கி, ஒரு கிணற்று உருளை. எங்களுக்குக் கிணறும் கிடையாது.

கல்லாவுக்கு முன்னால் செண்பகவல்லி நின்றாள். சேலை சொட்டியது. கையில் என் புதுச் செருப்பு, குதிகாலில் வட்டமாக ஓட்டை. அண்ணாச்சி அவளிடமும் ரேஷன் கார்டு கதையை அப்போதுதான் முடித்திருந்தார்.

"இதுல வெட்டி வாஷர் மாட்டியாச்சு. தொட்டியில பொட்டுத் தண்ணி இல்ல," என்றாள். எனக்கு வெட்கமாகப் போயிற்று.

அவள் என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"அண்ணாச்சி, அந்த ரேஷன் கார்டுல இவரு பேரையும் சேத்துக்கிடுங்க. எங்க கார்டுல நான் அடிச்சிருதேன்."