கெண்டையைக் கவ்விப் போன நீர்நாய்

மலையை ஒட்டிய காடு ஒன்றில் ஓர் ஆறு ஓடியது. கோடை முடிந்து முதல் மழை கொட்டியதும் அந்த ஆற்றில் செம்மண் நிறத்தில் புதுவெள்ளம் வரும். கீழே இருக்கும் ஏரியிலிருந்து கெண்டை மீன்கள் அந்த வெள்ளத்தை எதிர்த்துக் கூட்டம் கூட்டமாக மேலே ஏறும். மலைமேல் ஆழமான மடு ஒன்று உண்டு. அங்கே போய் முட்டையிடத்தான் அவை அவ்வளவு பாடுபட்டு ஏறின.

நடுவழியில் ஒரு பாறைத்துறை. அந்த இடத்தை மீன்கள் துள்ளித்தான் கடக்க வேண்டும். துள்ளும் மீனைப் பிடிப்பதற்காக மூன்று பிராணிகள் வருடம் முழுவதும் காத்திருக்கும். ஒன்று, அவசரக்காரக் காட்டுப்பூனை. இன்னொன்று, எதையும் சந்தேகப்படும் கொக்கு. மூன்றாவது மீன்கொத்தி. காதில் விழுந்த சேதியைக் காடு முழுவதும் சொல்லாவிட்டால் அதற்குத் தூக்கம் வராது.

துறைக்குக் காவல் நீர்நாய். தண்ணீருக்கு அடியில் நடப்பது அதற்குத்தான் தெரியும் என்பதால் எல்லா விலங்குகளும் சேர்ந்து அதைக் காவலுக்கு வைத்திருந்தன. வெள்ளம் வந்து பத்து நாள் மீன் பிடிக்கலாம். அதன் பிறகு நீர்நாய் துறையை மூடிவிடும். அதுதான் வழக்கம்.

குழந்தைகளே, அந்த ஆண்டு மழை எல்லோரையும் ஏமாற்றிவிட்டது. ஒரே ஒரு நாள் பெய்தது. மறுநாளே வெயில் சுள்ளென்று அடித்தது.

பூனை, கொக்கு, மீன்கொத்தி மூன்றும் துறையில் வந்து நின்றன. ஒரு மீன் துள்ளியது. அப்புறம் வெகுநேரம் எதுவுமே துள்ளவில்லை.

"இதென்ன அநியாயம்!" என்றது பூனை. "போன வருஷம் என் குட்டிகள் தின்று தின்று சலித்து, மீன்தலையை எல்லாம் அப்படியே விட்டுவிட்டுப் போயின. இந்த வருஷம் ஒரு வாலுக்குக்கூட வழியில்லையே!"

இரண்டாம் நாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் காலையில் நீர்நாய் ஒரு முள்கிளையை இழுத்து வந்து துறையின் குறுக்கே போட்டது.

"இன்றோடு துறை மூடியாயிற்று. யாரும் இனி மீன் பிடிக்கக் கூடாது" என்றது.

பூனைதான் முதலில் சீறியது.

"மூன்றே நாளில் மூடுவதா? இன்னும் ஏழு நாள் இருக்கிறதே! என் குட்டிகள் எதைத் தின்னும்?"

"மீன் குறைவு, பூனையக்கா. வந்த கொஞ்சமாவது மேலே போய்ச் சேரட்டும்" என்றது நீர்நாய்.

"குறைவு என்று எப்படித் தெரியும்?" என்று கொக்கு கேட்டது.

நீர்நாய் அவசரமாகத் திரும்பிப் போய்விட்டது.

"பார்த்தீர்களா, பதில்கூடச் சொல்லவில்லை" என்று கொக்கு கழுத்தை நீட்டியது. "இதில் ஏதோ இருக்கிறது. நான் கவனிக்கிறேன்."

அன்று முதல் கொக்கு ஒரு மருத மரத்தில் உட்கார்ந்து ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தது. நான்கு நாள் கழித்து, உச்சி வெயிலில், அது படபடவென்று இறக்கையை அடித்துக்கொண்டு பறந்து வந்தது.

"கண்ணால் பார்த்தேன்! நீர்நாயின் வாயில் மீன்! என் கழுத்து நீளம் இருக்கும். கவ்விக்கொண்டு பாறை வழியாக ஓடுகிறது. ஒரு தடவை இல்லை, மூன்று தடவை பார்த்துவிட்டேன்!"

"என்ன! நம்மைப் பட்டினி போட்டுவிட்டு அது தின்கிறதா?" என்று மீன்கொத்தி அலறியது. அடுத்த நிமிடமே மான், முயல், குரங்கு எல்லோருக்கும் சேதி போய்விட்டது. "காவல்காரியே திருடி! காவல்காரியே திருடி!"

பூனை எதையும் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. குட்டிகள் மூன்று நாளாக வெட்டுக்கிளியைத் தின்று காலம் தள்ளுகின்றன. அது நேராகப் பாறை வழிக்குப் போய் ஒரு புதரில் பதுங்கியது. கொக்கும் மீன்கொத்தியும் பின்னாலேயே வந்தன.

சற்று நேரத்தில் நீர்நாய் வந்தது. வாயில் ஒரு பெரிய கெண்டை. அது இன்னும் வாலை அடித்துக்கொண்டிருந்தது.

பூனை ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்தது. நீர்நாய் உருண்டு விழுந்தது. மீன் பாறையில் விழுந்து துடித்தது. அதைத் தப்பவிடக் கூடாது என்று பூனை ஓங்கி ஓர் அறை விட்டது. நகம் மீனின் வயிற்றைக் கிழித்துவிட்டது.

கிழிந்த வயிற்றிலிருந்து மஞ்சள் மஞ்சளாக ஏதோ கொட்டியது. தினை மூட்டை அவிழ்ந்ததுபோல் கொட்டிக்கொண்டே இருந்தது.

முட்டைகள்!

பூனை தூக்கிய காலை அப்படியே அந்தரத்தில் வைத்துக்கொண்டு நின்றது.

நீர்நாய் சண்டைக்கு வரவில்லை. மூன்றையும் ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. தவழ்ந்து வந்து, இரண்டு கைகளாலும் அந்த முட்டைகளைத் தண்ணீர்ப் பக்கமாக வாரி வாரித் தள்ளியது. பாறை கொதித்துக்கொண்டிருந்தது. முட்டைகள் அதில் ஒட்டிக்கொண்டு, பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெளுத்துப் போயின. எங்கிருந்தோ எறும்புகளும் வந்துவிட்டன.

"எத்தனை முட்டை!" என்று மீன்கொத்தி முனகியது.

"நீ... இதைத் தின்னக் கொண்டுபோகவில்லையா?" என்று கொக்கு மெல்லக் கேட்டது.

"மேலே வந்து பார்" என்றது நீர்நாய்.

மூன்றும் அதன் பின்னால் ஏறிப் போயின. அப்போதுதான் நீர்நாயின் உடம்பை அவை சரியாகப் பார்த்தன. விலா எலும்பு ஒவ்வொன்றாகத் தெரிந்தது. பூனையின் குட்டிகளைவிட அது மெலிந்திருந்தது.

மேலே மடுவில், தெளிந்த தண்ணீருக்குள், பதினோரு கெண்டைகள் அசைந்துகொண்டிருந்தன.

"வெள்ளம் பாதியில் வடிந்துவிட்டது" என்றது நீர்நாய். "வந்த மீன்களெல்லாம் துறைக்குக் கீழே ஒரு பாறைக்குழியில் மாட்டிக்கொண்டன. அவற்றால் ஏறவும் முடியாது, திரும்பிப் போகவும் முடியாது. குழி நாளுக்கு நாள் வற்றுகிறது. அதனால்தான் ஒவ்வொன்றாகத் தூக்கி வந்து இங்கே விடுகிறேன்."

"உனக்குப் பசிக்கவில்லையா?" என்றது பூனை.

"பசிக்காமல் என்ன? முதல் மீனைத் தூக்கி வரும்போது பாதி வழியில் நின்றுவிட்டேன். தின்றுவிடலாம் என்றே நினைத்தேன். எப்படியோ வந்து சேர்ந்தேன்."

"எங்களிடம் சொல்லியிருக்கலாமே, நீர்நாயக்கா!" என்றது பூனை.

"சொன்னால் நீங்கள் குழிக்கு வந்துவிடுவீர்கள் என்று பயந்தேன். அது என் தப்புதான்."

பூனை தலையைக் குனிந்துகொண்டது. அதன் நகத்தில் இன்னும் மஞ்சளாக ஒட்டியிருந்தது.

"குழியில் இன்னும் எத்தனை இருக்கின்றன?" என்று அது கேட்டது.

"நான்கு. வெயில் சாய்வதற்குள் குழி காய்ந்துவிடும். நான் ஒருத்தி அத்தனையையும் தூக்க முடியாது."

நான்கும் பாறையில் இறங்கி ஓடின.

குழியில் நீர் கணுக்கால் அளவுதான் இருந்தது. நீர்நாய் ஒரு மீனை, குட்டியைக் கவ்வுவதுபோல் பல் படாமல் கவ்வியது. கொக்கு இன்னொன்றை அலகில் எடுத்தது. அதன் தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. ஆனாலும் விழுங்கவில்லை. மீன்கொத்தி முன்னால் பறந்து, நிழல் விழுந்த பாறைகளாகப் பார்த்து வழி காட்டியது.

"நீ தூக்கவில்லையா, பூனையக்கா?" என்று அது கேட்டது.

"என் வாயை நான் நம்ப மாட்டேன்" என்றது பூனை. "நான் இங்கே நிற்கிறேன். வட்டமிடுகிறதே அந்தப் பருந்து, அது இறங்கட்டும், பார்த்துக்கொள்கிறேன்."

வெயில் சாய்ந்தபோது குழியில் வெறும் சேறு இருந்தது. மடுவில் பதினைந்து மீன்கள் இருந்தன.

அடுத்த ஆண்டும் மீன் பெருகிவிடவில்லை. அந்த முறை ஐந்தாம் நாளே நீர்நாய் முள்கிளையை இழுத்து வந்து துறையில் போட்டது. குட்டிகளோடு நின்றிருந்த பூனைக்குக் கோபம் சுருக்கென்று வந்தது. அதை அடக்கிக்கொண்டு, கிளையின் ஓரமாக உட்கார்ந்தது.

"ஏன் மூடுகிறாய்? எங்களுக்கும் சொல்" என்றது.

நீர்நாயும் அதன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஒன்று விடாமல் சொன்னது.

நீதி: காரணத்தைக் கேட்காமல் கை ஓங்குகிறவர் தம் நாளைய உணவையே அடித்து வீழ்த்துகிறார்.