நல்லெண்ணெய்க்கு வந்த தடை

முன்னொரு காலத்தில், ராஜாக்களுக்கு வேலை குறைவாகவும் வீண் யோசனை அதிகமாகவும் இருந்த காலத்தில், விசயமாறன் என்றொரு மன்னன் இருந்தான். அவன் சபையில் விகடன் சடையாண்டி. இவன் வாயைத் திறந்தால் மன்னனுக்கு வயிறு குலுங்கும். அதிகாரி ஏகாம்பரத்துக்கு வயிறு எரியும்.

ஒருநாள் ஏகாம்பரம் குழைந்துகொண்டு நின்றார். "மகாபிரபு! தங்களை நல்ல மன்னர் என்கிறார்கள். அதே வாயால் பாம்பையும் நல்ல பாம்பு என்கிறார்கள். மண்டை காய்ந்தால் நல்ல வெயில், முதுகு வீங்கினால் நல்ல அடி! தங்களுக்குரிய சொல்லைக் கண்டதற்கும் சொல்வது அடுக்குமா?"

மன்னனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அன்றே பறை அறைந்தார்கள்: 'நல்ல' என்ற சொல் இனி மன்னருக்கு மட்டுமே, வேறு எதற்குச் சொன்னாலும், சொன்னவர் யாராயினும், மறுநாள் காலை ஊரைவிட்டு வெளியேற வேண்டும். சடையாண்டியின் நாக்கு சும்மா கிடக்காது, ஒழிந்தான் பயல் என்று ஏகாம்பரம் மனப்பால் குடித்தார்.

மாட்டிக்கொண்டதோ எண்ணெய் விற்கும் செவந்தி. பாவம், இருபது வருஷம் கூவிப் பழகிய வாய்! பறைச் சத்தம் ஓய்வதற்குள் "நல்லெண்ணெய்!" என்று கூவிவிட்டாள். அழுதுகொண்டே சடையாண்டியிடம் ஓடிவந்தாள்.

"சாமி, செக்கையும் மாட்டையும் விட்டுட்டு நான் எங்க போவேன்?"

சடையாண்டிக்கு மனசு பதறியது. "அழாதே தாயி. காலையில வண்டியக் கட்டிக்கிட்டு அரண்மனை வாசல்ல வந்து நில்லு" என்று அனுப்பினான். பிறகு நேரே அரண்மனை ஜோசியரிடம் போய், பறையில் சொன்னதை ஒரு எழுத்து விடாமல் இரண்டு தடவை ஒப்பித்தான். ஜோசியருக்கு வேர்த்துக் கொட்டியது.

விசயமாறனுக்கு ஒரு வழக்கம். தினமும் ஜோசியர் சன்னலடியில் நின்று, "நல்ல நேரம் பிறந்தது!" என்று கூவினால்தான் கட்டிலைவிட்டுக் காலைத் தரையில் வைப்பான்.

மறுநாள் வெயில் ஏறியும் கூவல் வரவில்லை. மன்னன் கட்டிலிலேயே காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஏகாம்பரமும் சடையாண்டியும் கட்டிலருகே நின்றார்கள். அடுக்களையிலிருந்து நெய்ப்பொங்கல் வாசனை வேறு வந்து வதைத்தது.

"ஜோசியரே, நேரம் எப்படி?"

"நேரம்... இருக்கிறது மன்னா" என்றார் ஜோசியர், வாயைப் பொத்தியபடி.

"ஏகாம்பரம், நீராவது கூவும்!"

ஏகாம்பரம் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.

மன்னனுக்குப் பசியில் கண் இருண்டது. "அட, நல்ல நேரம் வந்ததா இல்லையா? சொல்லித் தொலையுங்களேன்!" என்று கத்தினான்.

சடையாண்டி பணிவாகக் குனிந்தான். "மகாராஜா, வாசலில் செவந்தியின் வண்டி ஊரைவிட்டுப் புறப்பட நிற்கிறது. இன்னொருவருக்கு இடம் உண்டு. எண்ணெய்ப் பிசுக்கை மட்டும் தாங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்."

மன்னன் திருதிருவென விழித்தான். பிறகுதான் தான் சொன்னது உறைத்தது. கட்டில் கிறீச்சிட விழுந்து விழுந்து சிரித்தான். "தடை ஒழிந்தது! ஜோசியரே, கூவும்!"

ஜோசியர் கூவினார். மன்னன் தரையில் குதித்து, தன் முத்துமாலையைக் கழற்றிச் சடையாண்டிக்குப் போட்டான். "இன்னும் என்ன வேண்டும், கேள்!"

"தடை நீங்கியது ஊருக்குத் தெரிய வேண்டாமா, மகாராஜா? தடைக்கு யோசனை சொன்னவரே தெருத்தெருவாகக் கூவட்டும்."

சற்று நேரத்தில், எண்ணெய்க் குடத்தைத் தலையில் சுமந்து ஏகாம்பரம் ராஜவீதியில் நடந்தார். "நல்லெண்ணெய்..." என்று முனகினார்.

பின்னால் வண்டியில் வந்த செவந்தி குரல் கொடுத்தாள்: "சத்தம் பத்தல சாமி, கடைசி வீட்டுக்குக் கேக்கணும்ல!"