குகைக்குள் கொண்டுபோன கட்டில்

“இவங்க தூங்கறதை நிறுத்தற மாதிரி ஒரு விதி சொல்லுங்க, மாஸ்டர்.”

சொல்லிக்கொண்டே தெய்வநாயகம் ஃபைலை மேசைமேல் வைத்தார். வைத்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது. எறிந்தார்.

ரோஸ்லின் டீ டம்ளரைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டாள். அவளுக்கு இருபத்தொன்பது வயது. அவருக்கு ஐம்பத்திரண்டு, ஓட்டுநர் உரிமத் தேர்வில் ஆட்களை எட்டுப் போடச் சொல்லிவிட்டு, உதட்டைப் பிதுக்குகிற அதிகாரி. திருச்சியில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் அவள்தான் அவருக்கு இந்த விளையாட்டைக் கற்றுக்கொடுத்தாள்.

மேசையைச் சுற்றி நாலு பேர் உட்கார்வார்கள். ஒருவர் வாள்வீரன், ஒருத்தி மந்திரக்காரி, இப்படி. ஐந்தாமவர் கதையை நடத்துவார். அவர்தான் மாஸ்டர். குகை எங்கே, பூதம் எங்கே என்று அவர் சொல்வார். மற்றவர்கள் தாங்கள் செய்வதைச் சொல்லிவிட்டுப் பகடை உருட்டுவார்கள். அடிபட்டால் உயிர்ப்புள்ளி குறையும். ஓர் இரவு தூங்கி எழுந்தால் அத்தனையும் திரும்பி வந்துவிடும்.

இரண்டு வருடமாகத் தெய்வநாயகம் தனியாக ஒரு கூட்டத்துக்கு மாஸ்டர்.

“ஒரு பூதம் லேசாக் கீறினாப் போதும் மாஸ்டர். உடனே தூங்கறோம்ங்கறான். பூதத்தோட வீட்டு நடுக்கூடத்துல! காலையில மாப்பிள்ளை மாதிரி எழுந்து வர்றான். எனக்கு எப்படி இருக்கும்?”

“நீங்க என்ன செஞ்சீங்க?”

“தூங்கறப்ப ஓநாயை விட்டேன்.”

“சரி.”

“ஓநாயைக் கொன்னுட்டு மறுபடி தூங்கினாங்க. தூங்கினா பாதிப் புள்ளிதான்னேன். ரெண்டு தடவை தூங்கினாங்க. கட்டில்ல படுத்தாத்தான் புள்ளின்னேன்.”

“அப்புறம்?”

“கட்டில் வாங்கிட்டாங்க.”

ரோஸ்லின் நிமிர்ந்து பார்த்தாள்.

“கயித்துக் கட்டில். நாலு பேரும் ஆளுக்கொரு காலைப் பிடிச்சுத் தூக்கிக்கிட்டுக் குகைக்குள்ள வர்றாங்க. சிரிக்காதீங்க மாஸ்டர்.”

“சிரிக்கலை.”

“எரிச்சுட்டேன். இன்னொண்ணு வாங்கிட்டாங்க.”

அவள் முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“எல்லாம் சாட்சியோட வச்சிருக்கேன்” என்று ஒரு நோட்டைப் பிரித்தார். ஒவ்வோர் இரவுக்கும் ஒரு கோடு. “முப்பத்தேழு தடவை! இப்ப என்னடான்னா, குரூப்ல போடறாங்க, இந்த ஞாயித்துக்கிழமைதான் கடைசியாம், சாருக்குக் கோபம் அதிகமாம். கோபம்! எனக்கு!”

கடைசிச் சொல் கீழே ஜெராக்ஸ் கடை வரை கேட்டது.

“அவங்க தாள் இருக்கா?” என்றாள் அவள்.

ஃபைலில் இருந்தன. தாங்கள் ஏற்ற வேடத்தின் விவரம் எழுத ஆளுக்கு ஒரு தாள்; ரோஸ்லின் தன் கையால் கட்டம் போட்டு, நகல் எடுத்துக் கொடுத்தது. வாள்வீரனுடைய தாளை எடுத்துச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். அந்த வீரனாக விளையாடுவது சகாயம், லேத் பட்டறைக்காரன்.

உயிர்ப்புள்ளி எழுதும் கட்டத்தில் ஓட்டை விழுந்திருந்தது. எழுதி, அழித்து, எழுதி, ரப்பரே தின்றுவிட்டது.

ஓட்டைக்குள் விரலை விட்டு அவரைப் பார்த்து ஆட்டினாள்.

“பாத்தீங்களா?” என்றார் தெய்வநாயகம். “நான் சொன்னேன்ல!”

அவள் விரலை எடுத்தாள். அதே தாளின் அடியில் இன்னொரு கட்டம் இருந்தது. ‘ஏன் வீட்டைவிட்டுக் கிளம்பினாய்?’ அதற்குக் கீழே நீல மையில், அழித்தல் திருத்தல் இல்லாமல், குண்டு குண்டான எழுத்து.

“படிங்க சார்.”

“இது எதுக்கு இப்ப?”

“படிங்க.”

அவர் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு படித்தார். ‘தங்கச்சிக்கு மூச்சு வாங்குது. மருந்து இந்தக் குகைக்குள்ள இருக்காம். வைத்தியர் நாற்பது நாள் கெடு சொன்னார்.’

“இதை இதுக்கு முன்னாடி எப்பப் படிச்சீங்க?”

“முதல் நாள் எல்லாரும் ஏதோ எழுதுவாங்க மாஸ்டர். நான் விதியைக் கேட்டா நீங்க...”

அவள் அவருடைய நோட்டை எடுத்து, தாளுக்குப் பக்கத்தில் விரித்து வைத்தாள். டம்ளரை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டாள்.

“விதி?” என்று கத்தினார்.

குழாய்ச் சத்தம்தான் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை நாலு பேரும் வந்தார்கள். யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவரும் வணக்கம் சொல்லவில்லை. முதல் அறையில் மூன்று பூதங்கள். சகாயத்துக்குத் தோளில் வெட்டு. பாதி உயிர் போனது.

சகாயம் பென்சிலைக் கீழே வைத்தான். வேண்டுமென்றே நிறுத்தி நிதானமாகச் சொன்னான்.

“தூங்கறோம் சார். கட்டில் இருக்கு.”

மூன்று கைகள் பகடையை நோக்கிப் போயின. ஓநாய்க்குத் தயார்.

தெய்வநாயகத்துக்குக் காது வரை சூடு ஏறியது. வாய்க்குள் ஒரு கூட்டம் ஓநாய்கள் நின்றன. நோட்டைத் திறந்தார். ஒரு கோடு போட்டார்.

“தூங்குங்க” என்றார்.

“ஓநாய் வருதா?”

“வராது. எல்லாப் புள்ளியும் உண்டு. இது முப்பத்தெட்டாவது ராத்திரி. சகாயம், உன் தங்கச்சிக்கு இப்ப படுக்க முடியறதில்லை. உட்கார்ந்துதான் மூச்சு விடறா. தெரு தெரியற மாதிரி கட்டிலை வாசல்ல போடச் சொல்லியிருக்கா.”

சகாயம் கையை நீட்டித் தன் தாளை இழுத்தான். அடிக் கட்டத்தைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.

“ரெண்டு வருஷம்” என்றான். “ரெண்டு வருஷத்துல ஒரு தடவைகூட நீங்க அவளைப் பத்திப் பேசலையே சார்!”

“பேசலை” என்றார் தெய்வநாயகம்.

சகாயம் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தான். மற்ற மூவரையும் பார்த்துக் கத்தினான்.

“கட்டிலைப் போடுங்க கீழே. நடங்க.”