கதவுக்கு அரை நூல்

அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தேன். எங்கள் அடுப்படி ஜன்னலைத் திறந்தால் டிங்கரிங் ஷெட்தான். அங்கே யார் பேசினாலும் எனக்குக் கேட்கும்.

ஷெட் எங்கள் வீட்டுக்காரருடையது. பழைய கார்களில் துருப்பிடித்த தகரத்தை அறுத்து எடுத்துவிட்டுப் புதுத் தகரம் பொருத்துவார். கோயமுத்தூரில் இந்த வேலைக்கு இவரைத்தான் தேடி வருவார்கள். நானே சொல்லக் கூடாது. ஆனாலும் வருவார்கள்.

இவருக்கு முப்பத்துநாலு வயது. இவரிடம் தொழில் பழகுகிற சென்னியப்பன் அண்ணனுக்கு ஐம்பத்திரண்டு. கரூரில் இருபது வருஷம் பஸ்ஸுக்குப் பாடி கட்டியவர். அதை விட்டுவிட்டு, "எனக்குச் சின்ன வண்டி கத்துக்குடுங்க மேஸ்திரி" என்று வந்து நின்றார். இவர் அவரை அண்ணா என்பார். அவர் இவரை மேஸ்திரி என்பார்.

எங்கள் ஷெட்டில் ஒரு வழக்கம் உண்டு. வண்டிக்காரர் முன்னால் இவர் தன் வாயால் ஒருவரை மேஸ்திரி என்று சொல்ல வேண்டும். அதுவரைக்கும் அவர் தனியாக ஷெட் போடக் கூடாது. சென்னியண்ணன் மூன்று வருஷமாக அந்த ஒரு சொல்லுக்குக் காத்திருந்தார். கரூர் பைபாஸில் இடம்கூடப் பார்த்து வைத்துவிட்டார்.

அதற்காகவே அந்தச் சிவப்பு வண்டியை இவர் முழுசாக அண்ணனிடம் விட்டிருந்தார். ரெண்டே பேர் உட்காருகிற பழைய ரேஸ் வண்டி. கூரை கிடையாது. பல் டாக்டர் பூங்குழலி அம்மாவுடையது. புதுக் கதவு ரெண்டும் சீமையிலிருந்து கப்பலில் வந்தவை. கெடுத்துவிட்டால் வேறு கிடைக்காது.

"மேஸ்திரி, வந்து பாருங்க!"

அண்ணன் குரலிலேயே சிரிப்பு இருந்தது. நான் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன்.

வண்டி நாலு ஸ்டாண்டு மேல் நின்றது. கதவுக்குக் கீழே ஓடுகிற புது அடிப்பட்டையை வைத்து, பொட்டு வைத்த மாதிரி அங்கங்கே மட்டும் வெல்டிங் பிடித்திருந்தார். கதவையும் மாட்டியிருந்தார். ஒரு தீக்குச்சியைக் கதவு இடுக்கில் விட்டு ஒரு சுற்று ஓட்டிக் காட்டினார். எங்கேயும் சிக்கவில்லை.

"எப்படிங்க?"

"சுத்தம்ணா."

"கரூர்க்காரன் கை. முழு வெல்டிங் போட்டரட்டுமா?"

"எறக்குங்க."

"என்னதுங்க?"

"வண்டிய எறக்குங்க. சக்கரத்துல நிக்கட்டும்."

அண்ணன் முணுமுணுத்துக்கொண்டே இறக்கினார். இவர் ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, இங்க வா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வேலை நடக்கும்போது நான் ஷெட்டுக்குள் போவதில்லை. பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போனேன்.

"வண்டியில ஏறி உக்காரு."

"நானா? அய்யோ, வேண்டாங்க."

"உக்காரும்மா."

சீட் இன்னும் வைக்கவில்லை. குறுக்கே ஒரு பலகை போட்டிருந்தது. ஏறி உட்கார்ந்தேன். இவரும் அந்தப் பக்கம் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பொண்ணு மாப்பிள்ளை ஊர்வலமாட்ட இருக்குதுங்க மேஸ்திரி," என்று அண்ணன் சிரித்தார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"கதவச் சாத்துங்கண்ணா."

அண்ணன் தள்ளினார். மேல் மூலையில் கதவு இடித்து நின்றது. இன்னொரு தடவை தள்ளினார். அங்கேயே நின்றது. தீக்குச்சியை இடுக்கில் வைத்து அழுத்தினார். ஒடிந்தது.

"ஐயய்யோ, என் பாரமா?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் வெட்கமாகப் போயிற்று.

"உன் பாரந்தான். என் பாரமுந்தான்," என்றார் இவர்.

அண்ணன் சிரிப்பு நின்றுவிட்டது. பஸ் என்றால் கனத்த சேஸி மேல் நிற்கும். பாடி எப்படி நின்றாலும் வளையாது. கூரை இல்லாத இந்த வண்டிக்கு அந்த அடிப்பட்டைதான் முதுகெலும்பு. ஸ்டாண்டு மேல் இருக்கும்போது ஒரு மாதிரி நிற்கும். சக்கரத்தில் நின்று ஆளும் ஏறினால் வேறு மாதிரி நிற்கும். பஸ் கட்டிய கை அதை மறந்துவிட்டது.

"அரை நூல்தாங்க இடிக்குது," என்றார் அண்ணன். நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. "கதவு ஓரத்துல அரை நூல் தேச்சு விட்டரலாமுங்களா? பெயிண்ட் அடிச்சுட்டா யாருக்குத் தெரியப் போகுது?"

இவர் வண்டியை விட்டு இறங்கினார். கிரைண்டரை எடுத்து அண்ணன் கையில் கொடுத்தார்.

"நான் போய்ச் சாப்பிட்டு வர்றேன்."

"அப்படின்னா தேய்க்கட்டுமுங்களா, வேண்டாமுங்களா? ஒரு வார்த்தை சொல்லுங்க மேஸ்திரி."

"எனக்குப் பசிக்குதுங்ணா."

வீட்டுக்கு வந்து தட்டில் சோறு போட்டேன். இவர் பிசைந்தார். வாயில் வைக்கவில்லை. ஷெட்டில் ஒரு சத்தமும் இல்லை.

"நீங்க சொல்லியிருக்கலாமில்லீங்க?" என்றேன் மெதுவாக. "கதவு ஓரம் மடிச்ச தகரம். தேச்சா மடிப்பு விட்டுப் போயிரும். அப்புறம் வேற கதவுக்கு எங்க போறது?"

இவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். எனக்கு இவ்வளவு தெரியும் என்று அதற்கு முன் நானும் காட்டிக்கொண்டதில்லை.

"உனக்கே தெரிஞ்சிருக்குது," என்றார். "அவருக்குத் தெரியாதா?"

அப்போது கிரைண்டர் கத்தியது. இவர் கை தட்டிலேயே நின்றது. காது மட்டும் ஷெட்டில் இருந்தது.

"கதவுத் தகரம்னா கீச்சுன்னு கத்தும்," என்றார் கொஞ்ச நேரம் கழித்து. "இது உறுமுது. பட்டையில வெச்ச பொட்ட அறுக்கிறாரு."

கவளத்தை வாயில் வைத்தார்.

"ரசம் இன்னிக்கு நல்லா இருக்குது."

ரசத்தை நான் இன்னும் ஊற்றவே இல்லை.

சாயந்தரம் வரைக்கும் அண்ணன் தனியாகவே வேலை பார்த்தார். வண்டியைச் சக்கரத்திலேயே நிற்க வைத்தார். பலகை மேல் ரெண்டு மணல் மூட்டையைத் தூக்கிப் போட்டார். முதலில் கதவை மாட்டி, இடுக்கைப் பார்த்து, அப்புறம்தான் பட்டையை வைத்தார். வெல்டிங் பிடிப்பதற்கு முன்னால் ஜன்னலுக்கு வந்து நின்றார்.

"அம்மிணி, ஒருக்கா வந்து உக்காருங்க. மூட்டைய நம்பறதுக்கில்லை."

இந்தத் தடவை உடனே போனேன். ஒரு விரலால் தள்ளியதும் கதவு சாத்திக்கொண்டது.

பெயிண்ட் முடிந்து, சீட் போட்டு, இருபது நாள் கழித்து டாக்டரம்மா வந்தார். கூட அவர் மகன். நல்ல ஆகிருதி. ரெண்டு பேரும் ஏறி உட்கார்ந்தார்கள். டாக்டரம்மா கதவைச் சாத்தினார். திறந்தார். மறுபடியும் சாத்தினார். ஒவ்வொரு தடவையும் டப் என்று ஒரே சத்தம்.

"புதுசுல கூட இப்படிச் சாத்தியிருக்காது," என்றார். "யாருங்க மாட்டுனது?"

இவர் அண்ணன் பக்கம் திரும்பினார்.

நான் அண்ணனையே பார்த்தேன். மூன்று வருஷமாக அவர் காத்திருந்த நேரம். ஒரு வார்த்தை போதும்.

"நான்தாங்க," என்றார் அண்ணன்.

அதோடு விடவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மொதல்ல தப்பா மாட்டுனதும் நான்தாங்க. ஸ்டாண்டு மேல வெச்சே பட்டையப் புடிச்சுட்டேன். ஆள் ஏறினா அரை நூல் இடிச்சுது. உங்க கதவைத் தேய்க்கலாமான்னுகூடக் கேட்டுட்டேன். அறுத்துப் போட்டுட்டு மறுபடியும் மாட்டுனதுங்க இது."

டாக்டரம்மா முகம் மாறிவிட்டது. கதவு ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு இவரைப் பார்த்தார்.

"உங்கள நம்பித்தானே விட்டேன்? ஞாயித்துக்கிழமை ஊட்டி மலை ஏறணும். இந்தக் கதவுக்கு யாரு பொறுப்பு?"

"மேஸ்திரிதாங்க பொறுப்பு," என்றார் இவர்.

"அதான் கேக்கறேன். நீங்கதானே மேஸ்திரி?"

"இந்த வண்டிக்கு நானில்லீங்க," என்றார் இவர். "சாவி மேஸ்திரி பையில இருக்குது. அவர்கிட்ட வாங்கிக்குங்க."

அண்ணன் பின்னால் திரும்பிப் பார்த்தார், இவர் வேறு யாரையோ சொல்கிறார் என்று. பின்னால் நான்தான் நின்றிருந்தேன். அப்புறம் மெதுவாகச் சட்டைப் பையைத் தடவினார். டாக்டரம்மா கையை நீட்டினார். அண்ணன் சாவியைச் சட்டையில் துடைத்து ரெண்டு கையாலும் கொடுத்தார். எனக்கே அந்த நேரத்தில்... இதோ, உள்ளேயிருந்து மாமியார் கூப்பிடுகிறார், பாப்பா எழுந்துவிட்டாளாம், மீதியை அப்புறம் சொல்கிறேன்.