கத்தி பிடிக்குள் முழுக்க இறங்கிய கதை

முதலில் தப்பு செய்தது கத்திதான். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் கதை முடியும்போது எல்லோரும் கத்தியைத்தான் மெச்சுவீர்கள். எப்போதும் அப்படித்தான் நடக்கிறது.

இரும்புக்கும் மரத்துக்கும் பறவைக்கும் பேச்சு இருந்த அந்தக் காலத்தில், கத்தி தன் பிடிக்குள் விரல் நகத்தளவுதான் நுழைந்திருக்கும். மீதி உடம்பு முழுவதும் வெளியே. வெளியே இருந்ததெல்லாம் கூர். பின்னால் ஒரு கட்டை தன்னைத் தாங்கிக்கொண்டிருக்கிறது என்ற நினைப்பே அதற்கு இருக்காது.

ஆனால் மனிதர்கள் கத்தியை வெட்டுவதற்கு மட்டுமா வைத்திருந்தார்கள்? அதன் பின்பக்கத்தால், அதாவது பிடியின் அடிமுனையால், கொட்டை உடைப்பார்கள், எலும்பு நசுக்குவார்கள், முளை அடிப்பார்கள். பேரெல்லாம் முன்னால் இருப்பவனுக்கு, அடியெல்லாம் பின்னால் இருப்பவனுக்கு. பலமாக நான்கு அடி விழுந்தால் பிடி பிளந்துவிடும். பிளந்த பிடியை அடுப்பில் போட்டுவிட்டு வேறு கட்டையைச் செதுக்கி மாட்டுவார்கள். பழைய பிடி எரிகிற வெளிச்சத்தில் கத்தி பக்கத்திலேயே மினுக்கிக்கொண்டு கிடக்கும்.

ஆற்றோரக் காட்டில் ஜடையன் என்று ஒருவன் தேன் எடுத்துப் பிழைத்துவந்தான். அவன் கத்திக்கு அந்த வருடம் வாய்த்த பிடி ஓர் உசிலங்கட்டை. நல்ல வைரம் பாய்ந்த கட்டை. மாட்டிய அன்றே அது கத்தியிடம் கேட்டது.

"அண்ணே, இன்னும் கொஞ்சம் உள்ள வாங்களேன். அடி விழுறப்ப நான் ஒருத்தனே தாங்க வேண்டியிருக்கு. நீங்களும் தோள் கொடுத்தா ரெண்டு பேரும் பிழைப்போம்."

"உள்ளயா? உள்ள வந்தா என்னை யாருடா பார்ப்பா? உன்னை மாதிரி எத்தனை பேரைப் பார்த்திருக்கேன். எல்லாரும் இதையேதான் கேட்டாங்க."

"அவங்கெல்லாம் இப்ப எங்கண்ணே?"

"சாம்பலாப் போனாங்க. அதுக்கு நான் என்ன செய்ய?"

கட்டை அதற்குமேல் கேட்கவில்லை. கெஞ்சி வாங்குவது அதற்குப் பழக்கமில்லை.

தேன் மரம் ஏறுகிறவர்கள் மூங்கில் முளைகளை மரத்தில் அடித்து, அதன்மேல் கால் வைத்து, அடுத்த முளையை மேலே அடித்து, அப்படியே ஏறிப் போவார்கள். முளை மரத்துக்குள் பாதியாவது இறங்க வேண்டும். அடிப்பது கத்தியின் பின்பக்கத்தால்தான். ஜடையன் பல பிடிகளைப் பிளந்து பார்த்தவன். இந்தக் கட்டையின் மேல் அவனுக்கு ஒரு பிரியம் விழுந்துவிட்டது. கைக்கு அவ்வளவு இணக்கமாக இருந்தது. அதனால் இதையாவது காப்பாற்றுவோம் என்று மெதுவாக அடிக்கத் தொடங்கினான்.

ஒரு நாள் காலை, ஆற்றின் மேல் சாய்ந்திருந்த ஒரு பெரிய மருத மரத்தில் ஏறினான். உச்சிக் கிளையில் முறம் முறமாகத் தேனடை தொங்கியது. கீழே அவன் மனைவியின் தம்பி மாதன் புகைப்பந்தத்தோடு நின்றுகொண்டிருந்தான்.

"மச்சான், முளை அடிக்கிறீங்களா, தாலாட்டுப் பாடுறீங்களா?"

"பிடி உடைஞ்சா நீயா செதுக்கித் தருவே?"

"பிடி உடைஞ்சாப் பரவாயில்ல. நீங்க உடைஞ்சா எங்கக்கா என்னை அந்த அடுப்புலயே வச்சிருவா."

ஜடையன் சிரித்தான். சிரித்தபடியே அடுத்த முளையை மேலே வைத்து இரண்டு தட்டுத் தட்டி, இடது கையால் பற்றிக்கொண்டு எம்பினான். காலடியில் இருந்த முளை உருவிக்கொண்டு கீழே போய்விட்டது. பாதி இறங்க வேண்டியது கால்வாசிதானே இறங்கியிருந்தது.

இப்போது அவன் உடம்பு முழுவதும் அந்த ஒரு கையில் தொங்கியது. அந்தக் கை பிடித்திருந்த முளையும் கால்வாசிதான் இறங்கியிருந்தது. அது கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்துகொண்டிருந்தது. கீழே பாறை. பாறையைச் சுற்றி ஆறு.

"அடிங்க மச்சான்! ஓங்கி அடிங்க!" என்று மாதன் அலறினான்.

வலது கையில் இருந்த கத்தியைத் திருப்பி ஜடையன் ஓங்கி அடித்தான். கட்டையில் மெல்லிய கோடு ஒன்று ஓடியது. மறுபடி அடித்தான். கோடு விரிந்தது. முளை உள்ளே இறங்கவில்லை. பிடி பிளந்தால் கத்தி கை நழுவும். கத்தி போனால் ஜடையனும் போவான்.

பக்கத்துக் கிளையில் ஒரு மரங்கொத்தி இதைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஏ பளபளப்பு! பொழுது முழுக்கத் தலையால அடிக்கிறவன் நான். என் மண்டை ஏன் உடையல தெரியுமா? என் நாக்கு வாயோட நிக்கிறதில்ல. பின்னால போய் மண்டையைச் சுத்தி வளைச்சுப் பிடிச்சிருக்கு. நீ என்னடான்னா வாசப்படியிலயே நிக்கிற!"

கத்தி கீழே பார்த்தது. தண்ணீர் தெரிந்தது. துரு ஞாபகம் வந்தது. முதல் தடவையாக அதன் குரல் இறங்கியது.

"கட்டை, வழி விடு."

வழி விட வேண்டியதே இல்லை. இன்னும் ஓர் அடி விழுந்தால் கட்டை பிளந்து பறந்துவிடும், கத்தி ஆற்றில் கிடந்து துருவாகும். எரிந்துபோன பிடிகளுக்கெல்லாம் அதுதான் நியாயம். கட்டை அதை நினைத்துப் பார்த்தது. நினைக்கத்தான் செய்தது. ஆனால் அதைச் சுற்றி ஐந்து விரல்கள் வேர்வையில் வழுக்க வழுக்க இறுகிக்கொண்டிருந்தன. அந்தக் கை கட்டைக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. கட்டையைக் காப்பாற்றப் போய்த்தான் அது இந்தக் கதிக்கு வந்தது.

"உங்களுக்காக இல்ல" என்றது கட்டை. "வாங்க."

சொல்லிவிட்டுத் தன் வைரத்தைத் தானே திறந்தது. அடி விழுந்தது. உள்ளே போன கூரெல்லாம் மழுங்க, உரசிய சூட்டில் கட்டை கரிந்த நாற்றம் வர, கத்தி கட்டையின் நடுவே இறங்கி மறுபக்கம் வால் நீட்டியது. அடுத்த அடி கட்டையின் மேல் விழவில்லை. இரும்பின் மேல் விழுந்தது. முளை இறங்கியது. ஜடையன் விடாமல் அடித்தான். முளை பாதிக்கும் மேலே இறங்கியபோது, கத்தியின் வால் நசுங்கி ஆணித்தலைபோலப் படிந்துவிட்டிருந்தது. கட்டையின் பிளவு இருந்த இடத்திலேயே நின்றது.

இரண்டு கையாலும் தொங்கி மூச்சு வாங்கிக்கொண்டு, இடுப்பில் இருந்த முளைகளை எடுத்து ஆழமாக அடித்து அடித்து ஜடையன் இறங்கி வந்தான். மாதன் ஓடிவந்து கத்தியை வாங்கிப் பார்த்தான்.

"என்னா கத்தி மச்சான்! அடேயப்பா, உயிரையே காப்பாத்திருச்சே!"

இலையைப் பறித்து அலகைத் துடைத்தான். கட்டையில் ஒட்டியிருந்த கரியை அவன் பார்க்கவே இல்லை.

கத்தி வெளியே வர முட்டிப் பார்த்தது. முடியவில்லை.

"டேய், விடுடா."

"நானா பிடிச்சிருக்கேன்? உங்க வால்தான் பின்னால நசுங்கிச் சிக்கியிருக்கு."

'வலிச்சுதா?' என்று கத்தி ஒரு வார்த்தை கேட்கும் என்று கட்டை காத்திருந்தது. வீடு போய்ச் சேரும்வரை காத்திருந்தது. கத்தியோ சட்டி பானைகளிடம் தன் வீரத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது.

நல்ல கத்தி என்றால் இரும்பு பிடியின் அடிவரை ஓடி, மறுபக்கம் தலை தட்டப்பட்டு, எவ்வளவு அடித்தாலும் தாங்குகிறதே, அது அந்த மருத மரத்தில் தொடங்கியதுதான். இன்றுவரை இரண்டும் ஒன்றாகத்தான் அடி வாங்குகின்றன. அந்த ஒரு வார்த்தையைக் கத்தி கட்டையிடம் இன்னும் கேட்கவில்லை.