ஓணான் தலையாட்டிய கூத்து

முள்ளிக்காட்டில் ஓர் ஓநாய் ராஜாவாக இருந்தது. யார் அதை ராஜாவாக்கினார்கள் என்று கேட்காதீர்கள். அங்கேயும் யாரும் கேட்கவில்லை.

"முயல் குட்டிகளுக்கு என் குகையில் பாடம் சொல்லித் தருகிறேன்!" என்று ஓநாய் அறிவித்தது. சில குட்டிகள் போயின. ஒன்றும் திரும்பவில்லை. வாத்தியார் மட்டும் நன்றாகப் பெருத்துவிட்டார். மிச்சக் குட்டிகளை அனுப்ப முயல்கள் தயங்கின.

ஓநாய் குளக்கரைக் கூத்துக் கோஷ்டியைக் கூப்பிட்டது. மயில்தான் அதில் ராஜா வேஷம் கட்டும். தவளை மத்தளம் அடிக்கும். ஓணான் கட்டியக்காரன், அதாவது கூத்தின் கோமாளி.

"நாளை சாயங்காலம் என் கருணையை ஆடிக் காட்டுங்கள்! அதைப் பார்த்து முயல்கள் மிச்சக் குட்டிகளையும் அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் உங்களைத் தின்றுவிடுவேன்!"

ஓணான் தலையை ஆட்டியது. ஓநாய்க்கு ஏக சந்தோஷம்.

"இவன்தான் கலைஞன்! சொன்னதற்கெல்லாம் தலையாட்டுகிறான்!"

திரும்பும் வழியில் மயில் சொன்னது: "நமக்கு எதுக்குப்பா வம்பு? கொடுத்த வேஷத்தை ஆடிட்டுப் போவோம்!"

"ஆமாம்! என் மத்தளத்துக்கு உண்மை, பொய் எல்லாம் தெரியாது!" என்றது தவளை.

"மத்தளத்துக்குத் தெரியாது. உனக்குத் தெரியுமே!" என்றது ஓணான்.

மறுநாள் காடே கூடியது. முன் வரிசையில் வெள்ளச்சி என்ற தாய் முயல் இருந்தது. அதன் மூத்த குட்டி குகைக்குப் போய்விட்டது. இளையதை அது இறுக்கிப் பிடித்திருந்தது.

திரைக்குப் பின்னால் மயில் ஓநாய் வேஷத்தில் குதித்தது. "வந்தேனே! குட்டிகளைக் காக்கும் கருணை ராஜா வந்தேனே!"

கட்டியக்காரன் கேட்பதற்குப் பதில் சொல்லாமல் எந்த ராஜாவும் திரையை விட்டு வெளியே வரக் கூடாது. அது கூத்தின் வழக்கம். ஒரு கூத்தையும் பார்த்திராத ஓநாய்க்கு அது தெரியாது.

"ராஜாவே! குகைக்குப் போன குட்டிகள் சௌக்கியமா?" என்று கேட்டது ஓணான்.

"சௌ... சௌக்கியம்!"

"வெள்ளச்சி பிள்ளையைக் கொஞ்சம் கூப்பிடுங்களேன். பெத்தவ பார்க்கட்டும்!"

மயில் திரைக்கு மேலே எட்டிப் பார்த்தது. வெள்ளச்சியின் முகத்தைப் பார்த்தபின் அதற்குப் பொய் வரவில்லை. தவளையின் கையும் நின்றுவிட்டது.

"தள்ளு, முட்டாள் மயிலே! என் வேஷத்தை நானே ஆடுகிறேன்!" என்று ஓநாய் திரைக்குப் பின்னால் பாய்ந்தது.

ஓணான் விடவில்லை. "பிள்ளையைக் கூப்பிடுங்க, ராஜாவே!"

"அவன் தூங்குகிறான்!"

"மத்தவங்க?"

"எல்லாரும் தூங்குகிறார்கள்!"

"அப்போ நாங்க சத்தம் போடாம போய்ப் பார்த்துட்டு வந்துடுறோம்!"

"கூடாது! என் குகைக்குள் எவனும் நுழையக் கூடாது!"



"பாவி! என் பிள்ளையைத் தின்னுட்டியா?" என்று வெள்ளச்சி கதறியது.

பின்னால் அசை போட்டுக்கொண்டிருந்த எருமைகள் கொம்பைத் தாழ்த்திக்கொண்டு எழுந்தன. ஓநாய் ஓடப் பார்த்தது. திரை காலில் சுற்றிக்கொள்ள, குப்புற விழுந்தது. தவளை சும்மா இருக்குமா? ஓநாய் விழுந்ததற்கு ஒரு தாளம் தட்டியது!

"துரோகி! நேற்று தலையாட்டினாயே!" என்று கத்திக்கொண்டே ஓநாய் திரையோடு காட்டை விட்டு ஓடியது.

"ஓணான் தலை சும்மாவே ஆடும், ராஜாவே! வாய் மட்டும் என் பேச்சைத்தான் கேட்கும்!"

மயில் வேஷத்தைக் கழற்றிவிட்டு வெள்ளச்சியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தது. இளைய குட்டி அதன் தோகைக்குள் புகுந்து தூங்கிவிட்டது.

கொடுங்கோலன் முன்னால் கலைஞன் ஆடலாம், பாடலாம். அவன் பொய்க்கு மட்டும் துணை போகக் கூடாது.